கோடைப் பயிற்சிக்கு எந்தச் சமையலறை? டர்பனா, கேப் டவுனா, டிராக்கன்ஸ்பர்க்கா?

என் கொழுந்தன் மகள் ஹாஸ்பிட்டாலிட்டி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றுமே ஜனவரியில் தொடங்கும் ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்கான அழைப்பு. ஒன்று இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒரு பல்கலைக்கழக வளாகச் சமையலறை. அடுத்தது கேப் டவுனில் அதே மாதிரி ஒன்று. மூன்றாவது டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஒரு மலை ஓட்டல். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

“பெரியம்மா, எனக்கு ரெண்டே ரெண்டு வேணும். நூத்துக்கணக்கான பேருக்குச் சமைக்கக் கத்துக்கணும். மிச்ச நேரமெல்லாம் மலையில இருக்கணும்” என்றாள். சொன்னது ஆங்கிலத்தில்தான். 1860இல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இறங்கிய காலத்துக் குடும்பம் அவளுடையது. பெரியம்மா, தாத்தா, மாமா, கொஞ்சம் பலகாரப் பெயர்கள், கோயில் பாட்டு, அவளுக்கு மிஞ்சியிருக்கும் தமிழ் இவ்வளவே. நான் திருநெல்வேலியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பதினான்கு வருஷம் ஒரு வளாகச் சமையலறையில் சூப்பர்வைசராக இருந்தேன். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

கடிதங்களைப் படித்துவிட்டு நான் கேட்டது ஒரே கேள்வி. “ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுது?” மூன்று கடிதத்திலும் அது இல்லை. மலையின் படம் மட்டும் மூன்றிலும் இருந்தது, டர்பன் கடிதம் உட்பட. டர்பனில் ஏது மலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த நாட்டில் கோடை என்றால் டிசம்பர், ஜனவரி. கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். அதாவது கோடைப் பயிற்சிக்கு நீங்கள் வளாகச் சமையலறைக்குள் நுழையும்போது சாப்பிட வேண்டிய பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள். அப்போது அங்கே யாருக்குச் சமைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஆறு வாரமும் அலமாரி துடைத்தே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் வேறொரு வளாகத்தில் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். ஆறு வாரத்தில் அவன் தொட்ட ஒரே காய் வெங்காயம். பதிவேட்டில் மட்டும் ‘மெனு திட்டமிடல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

டர்பனை எடுத்துக்கொள்வோம், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். இங்கே விடுதிகளில் பெரும்பாலும் பிள்ளைகளே சமைத்துக்கொள்வார்கள். நம் ஊர் ஹாஸ்டல் மெஸ் மாதிரி மாதக் கணக்கில் பணம் கட்டி மணியடித்தால் வரிசையில் நிற்கிற வழக்கம் இல்லை. வளாகச் சமையலறை என்பது கவுண்ட்டரில் காசுக்கு விற்கிற கடை. பிரியாணி, கறி, ரொட்டி, பன்னி (bunny chow). பன்னி தெரியாதவர்களுக்கு: ரொட்டியைக் கால்பங்கு வெட்டி, நடுவே குடைந்து, உள்ளே கறியை ஊற்றி, குடைந்த பஞ்சை மேலே மூடியாக வைத்துத் தருவது. ‘குவார்ட்டர் பீன்ஸ்’ என்றால் உள்ளே ராஜ்மா மாதிரிப் பயற்றுக் குழம்பு, சைவம். மாணவனுக்கு மலிவாக வயிறு நிரப்பும் சாப்பாடு அதுதான்.

கவுண்ட்டர் கடையில் இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் படிப்பு இருக்கிறது. காலை நாலே முக்காலுக்கு பீன்ஸ் அண்டா முன்னால் நின்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். முன்னூறு பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 150 கிராம் வெந்த பீன்ஸ், மொத்தம் 45 கிலோ. காய்ந்த ஷுகர் பீன்ஸ் ஊறி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடை ஏறும். ஆக முந்தின இரவே 18 கிலோ ஊறப் போட்டிருக்க வேண்டும். மழை பெய்தால் இருநூறு பேர்தான் வருவார்கள். மிச்சம் 15 கிலோ. அதை அப்படியே அண்டாவோடு குளிர் அறைக்குள் தள்ளினால் நடுப்பாகம் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே கிடந்து கெட்டுப்போகும். இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, சீக்கிரமாக 5 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் இதைச் சோம்பேறித்தனமாகச் செய்வார்கள். நான் கம்பி வெப்பமானியை அண்டாவின் நடுவில் குத்தி, 38 டிகிரி காட்டுவதை அவர்களையே படிக்கச் சொல்வேன். அதற்கப்புறம் தட்டு எடுக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த நாட்டில் இது வெறும் கண்டிப்பு விஷயமும் இல்லை. 2017, 2018இல் லிஸ்டீரியா நோய் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகள் ஆனார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மூலகாரணம் போலனி என்கிற வேகவைத்த மலிவு இறைச்சி உருளை. மாணவர்கள் ரொட்டிக்குள் தினமும் வைத்துத் தின்றது. அந்தக் கிருமி குளிர்பெட்டிக்குள்ளேயே வளரக்கூடியது. அதே 2018இல் வந்த R638 விதிப்படி, எந்த உணவுக்கூடமும் அக்செப்டபிலிட்டி (சுகாதாரத் தகுதி) சான்றிதழ் வாங்கிக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் முதல் நாள் சுவரைப் பாருங்கள். சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் காலண்டர் தொங்கினால் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

டர்பன் ஜனவரியில் இன்னொரு நல்ல விஷயம், மூடிக் கிடந்த சமையலறையைத் திறப்பது. முதல் இரண்டு வாரம் சரக்கு எண்ணிக்கை, விலைப் பட்டியல், டில்டிங் பான் என்கிற சாய்க்கும் பெரிய வாணலியின் அடியில் போன வருஷம் ஒட்டியதைச் சுரண்டுவது. ஐம்பது தட்டுக்கூடப் போகாது. பிறகு ஒரு திங்கட்கிழமை முதல் வருஷப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து இறங்குவார்கள், இருக்கிற பாத்திரம் போதாது. பூஜ்யத்திலிருந்து நெரிசல்வரை ஆறே வாரத்தில் பார்க்கிற வாய்ப்பு மற்ற இரண்டு இடத்திலும் கிடையாது.

வெளியே? வெஸ்ட்வில் பக்கம் வேலை என்றால் பால்மியட் காட்டுப் பள்ளத்தாக்கு வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. குளூஃபில் கிரான்ஸ்குளூஃப் அருவி கார் இருந்தால் அரை மணி. கடல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜனவரி டர்பனின் புழுக்கத்தில் பத்து மணிக்கு மேல் நடப்பது இட்லிப் பானைக்குள் நடப்பது மாதிரி. ஆற்றில் குளிக்க ஆசை வந்தால் பில்ஹார்சியா என்கிற ஒட்டுண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில் சரிவுகளில் கருப்பு மாம்பா இருப்பது ஊரறிந்தது. பாம்பு பிடிப்பவர் எண் எங்கள் சமையலறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. மாம்பாவைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது குரங்குகள்தான். ரொட்டி வண்டி வந்து கூடைகளை இறக்கி வைத்த ஐந்தாவது நிமிஷம் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டியோடு, முழு ரொட்டியை உறையோடு கவ்விக்கொண்டு கூரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. ரொட்டிக் கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கடைசிவரை தெரியவில்லை.

டர்பனுக்கு எதிரான என் உண்மையான வாதம் வேறு. வீட்டிலிருந்து போனால் விடுமுறை நாள் உங்களுடையதாக இருக்காது. மாமி வீட்டில் பூஜை, சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள், அதான் லீவில் இருக்கிறாளே. மலை எங்கே போகிறது, அங்கேயேதான் இருக்கும் என்பார்கள். அதுவும் அங்கேயேதான் இருக்கும், நீங்கள் போகாமல்.

இப்போது கேப் டவுன். அங்கே கதை தலைகீழ். பல்கலைக்கழகத்தின் முதல் வருஷ விடுதிகள் பலவற்றில் சாப்பாடு உண்டு. யார் சாப்பிடப் போகிறார்கள் என்பது முன்பதிவில் வந்துவிடும். ஊகிக்க வேண்டியதில்லை. அதனால் அங்கே கற்றுக்கொள்வது அளவு, சுழற்சி மெனு, ஒவ்வாமைப் பட்டியல், ஹலால், சைவம் என்று தட்டுகளைக் கலக்காமல் பிரிப்பது. ஒழுங்கான வேலை. ஆனால் ஜனவரியில் அந்தக் கூடங்களில் மாநாட்டுக்காரர்களும் வெளியிலிருந்து வரும் குழுக்களும்தான் இருப்பார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் ஜனவரியில் பொதுமக்களுக்கான கோடைப் பள்ளி நடக்கிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். தேநீரும் கேக்கும் போகும், பீன்ஸ் அண்டா போகாது. நூற்றுக்கணக்கில் சமைக்கக் கற்க வேண்டும் என்பவளுக்கு இது கொஞ்சம் இடிக்கிறது.

ஆனால் நேரம்! டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. ஜனவரி நடுவில் டர்பனில் ஏழு மணிக்கு இருட்டத் தொடங்கிவிடும். கேப் டவுனில் சூரியன் மறையவே எட்டாகும். காலை ஆறு மணி ஷிப்ட்டில் ஏறி இரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றினால் கையில் ஆறு மணி நேரப் பகல். அந்தப் பல்கலைக்கழகம் டெவில்ஸ் பீக்கின் கிழக்குச் சரிவிலேயே உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் மலையே நிழல் கொடுக்கும். மேல் வளாகத்திலிருந்து ரோட்ஸ் நினைவிடத்துக்குக் கால்மணி, இருபது நிமிஷம் நடை. அங்கிருந்து கிங்ஸ் பிளாக்ஹவுஸ் என்கிற பழைய ஆங்கிலேயர் காவல் கோட்டைக்கு ஏறலாம். அல்லது மலை விளிம்புப் பாதையில் நியூலாண்ட்ஸ் காட்டு வழியாக கெர்ஸ்டன்பாஷ் தாவரவியல் தோட்டம் வரை போகலாம். அந்தத் தோட்டம் 1913இல் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஸ்கெலிட்டன் கார்ஜ் வழி மேலே போனால், மரநிழலும் ஏணிகளுமாக, டேபிள் மவுன்டனின் பின்பக்கத்தில் ஏறி நிற்கலாம். உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 1,086 மீட்டர். இறங்கும்போது அதே வழியில் வர வேண்டாம், ஈரமான பாறை வழுக்கும். பக்கத்து நர்சரி ரவீன் வழியாக இறங்குவது வழக்கம். படத்தில் வருகிற முன்பக்கத்துப் பிளாட்டக்ளிப் பாதை வடக்கு பார்த்தது. தென்கோளத்தில் வடக்குதான் வெயில் பக்கம். ஜனவரி மதியத்தில் அதில் ஏறுகிறவர்களுக்கு நான் பரிதாபப்படுகிறேன்.

ஆபத்து அங்கே வேறு மாதிரி. கேப்பின் கோடை வறண்டது, தென்கிழக்குக் காற்று நாள் கணக்கில் அடிக்கும். மேலே கேபிள் கார் நின்றுவிடும், ‘இறங்க அதில் வரலாம்’ என்று கணக்குப் போட்டு ஏறியவர்கள் கால்களையே நம்ப வேண்டும். தீயும் உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று ரோட்ஸ் நினைவிடத்துக்கு அருகே பிடித்த தீ பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி ஜாகர் நூலக வாசகசாலையை எரித்தது. விடுதிப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டி வந்தது. இன்னொன்று, மலையில் வழிப்பறி. தேசியப் பூங்காக்காரர்களே நாலு பேருக்குக் குறையாமல் போங்கள் என்கிறார்கள். தனியாகப் போய்ச் சேர்கிற பெண் முதல் வாரத்திலேயே அந்த நாலு பேரைத் தேடிக்கொள்ள வேண்டும். சமையலறையில் அது கஷ்டமில்லை, ஒரே ஷிப்ட்காரர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள்.

மூன்றாவது டிராக்கன்ஸ்பர்க். கொழுந்தன் மகளின் கண் இதில்தான் இருந்தது. இருக்காதா? ஜன்னலைத் திறந்தால் மூவாயிரம் மீட்டர் சுவர். கதீட்ரல் பீக் 3,004 மீட்டர். பழங்குடி சான் மக்களின் பாறை ஓவியங்கள், 2000இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து. ஓட்டலிலேயே அறை, சாப்பாடு. டிசம்பர், ஜனவரியில்தான் அங்கே கூட்டம், எனவே தட்டு எண்ணிக்கைக்குக் குறையே இல்லை. காகிதத்தில் பார்த்தால் இவளுக்காகவே செய்த இடம்.

ஆனால் ஓட்டல் ஷிப்ட்டைப் பாருங்கள். காலை ஆறிலிருந்து பத்துவரை பஃபே பிரேக்ஃபாஸ்ட். பிறகு ஓய்வு. சாயங்காலம் நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரை டின்னர். ஸ்ப்ளிட் ஷிப்ட் என்பார்கள், நாளை இரண்டாகக் கிழித்தது. உங்களுக்குக் கிடைக்கும் மலை நேரம் பதினொன்று முதல் நாலு. டிராக்கன்ஸ்பர்க்கின் கோடை இடி மழை வருவதும் மதியத்துக்கு மேல்தான், பல நாள் கடிகாரம் வைத்த மாதிரி. அதாவது மேலே ஏறி முடிக்கும்போது மேகம் கறுத்திருக்கும். மலைக்காரர்கள் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் முகடுகளை விட்டு இறங்கிவிடுவார்கள். அந்த விடியற்காலையில் நீங்கள் முட்டை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். சமையலறை ஆட்கள் ஏழு பேர் ஒருமுறை வேனில் போனோம். டர்பனிலிருந்து மூன்று மணி நேரம், N3 சாலையில் லாரிகளுக்கு நடுவே. போய்ச் சேர்ந்து, தயிர்சாதம் சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்கவே தொடங்கினோம். நம் ஆட்கள் சாப்பிடாமல் கிளம்புவார்களா? இரண்டரைக்கு முதல் இடி. மரம் ஒன்றுகூட இல்லாத புல்வெளிச் சரிவு, எங்களைவிட உயரமாக எதுவும் இல்லை. கையில் எவர்சில்வர் தூக்குவாளி வேறு. ஆளுக்கு ஆள் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்பது நிமிஷம் நனைந்தோம். கீழே வந்தபோது பதிவேட்டில் எங்கள் பெயரைக் காவலர் விரலால் தேடிக்கொண்டிருந்தார். மலைக்குள் போகும்போது எழுதி, வரும்போது திரும்பி வந்தோம் என்று எழுத வேண்டிய பதிவேடு அது. கொழுந்தன் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டும், இப்போது.

ஓட்டலில் உருப்படியான நடை என்றால் வார ஓய்வு நாளில்தான். இங்கே தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை 45 மணிக்கு மேல் போகக் கூடாது, தொடர்ச்சியாக 36 மணி ஓய்வு தர வேண்டும். அந்த 36 மணி நேரம் மலைக்குள் ஒரு ராத்திரி தங்கி வர நன்றாகவே போதும். ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையே 12 மணி ஓய்வு என்பதை, வளாகத்திலேயே தங்கி, நடுவில் மூன்று மணிக்குக் குறையாத சாப்பாட்டு இடைவேளை எடுப்பவருக்கு, எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் 10 மணியாகக் குறைக்கலாம். மலை ஓட்டல்காரரின் ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இரவு பத்துக்கு முடித்து காலை ஆறுக்கு வா என்றால் அந்தப் பத்தும் இல்லை, எட்டுதான். ஒரு வாரம் அப்படி நின்றால் ஓய்வு நாளில் மலைக்குப் போக மாட்டீர்கள், தூங்குவீர்கள்.

மகான்டாவில் படிக்கிற அவள் தோழி அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம் என்றாளாம். பழைய கிரஹாம்ஸ்டவுன்தான், 2018இல் பெயர் மாற்றினார்கள். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடங்கள் நல்ல பள்ளிக்கூடம்தான், அட்டோ யானைப் பூங்காவும் தூரமில்லை. ஆனால் அங்கே படிப்பு நடக்கிற மாதங்களில் போக வேண்டும். ஜனவரியில் ஊரே காலி, தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு அடிக்கடி. விட்டுவிடச் சொன்னேன்.

பணத்தைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் இந்நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. பயிற்சி என்று பெயர் வைத்தால் எந்தக் கணக்கில் தருகிறார்கள், சம்பளமா, படியா, வெறும் சாப்பாடா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். டர்பனில் வாடகை இல்லை. ஓட்டலில் தங்குமிடம் இலவசம். கேப் டவுனுக்கு 1,600 கிலோமீட்டர், அறை தருவார்களா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதும் முக்கியம். 2015 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு சில பல்கலைக்கழகங்கள் சமையல், துப்புரவு ஊழியர்களைத் தங்கள் சொந்த ஊழியர்களாக எடுத்துக்கொண்டன. வேறு இடங்களில் இன்னும் குத்தகைக் கம்பெனிதான். பயிற்சிப் பதிவேட்டில் கம்பெனி முத்திரையைக் கல்லூரி ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். போய் வந்தபின் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தைப்பூசம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும். இவள் வீட்டில் காவடி எடுக்கிறார்கள், பத்து நாள் விரதம். விரத நாளில் மட்டன் கறியை ருசி பார்த்து உப்புச் சொல்ல முடியாது, ஆனால் பயிற்சியில் ருசி பார்ப்பதும் வேலை. டர்பன் சமையலறைகளில் இதைச் சொன்னால் யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். “காவடியா, சரி, பீன்ஸ் பக்கம் நில்லு” என்பார்கள். ஓட்டலிலும் கேப் டவுனிலும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கினால் கேட்பார்கள், ஆனால் அது நீங்கள் வாய் திறக்க வேண்டிய விஷயம். இவள் வாய் திறக்கிற பெண் இல்லை.

ஆக என் தீர்ப்பு என்ன என்றாள். ஓட்டலை முதலில் வெட்டினேன். அவள் முகம் விழுந்தது, பரவாயில்லை. டிராக்கன்ஸ்பர்க்குக்கு லீவில் போகலாம், வேலைக்குப் போகிற இடம் அது இல்லை. மிச்ச இரண்டில், தொழில் கற்க டர்பன் மேல், மலைக்குக் கேப் டவுன் மேல். இரண்டும் ஒரே தட்டில் வேண்டும் என்றால், காலை ஷிப்ட் உறுதியாகக் கிடைக்கிற கேப் டவுன். சுழற்சி ஷிப்ட், அதாவது பாதி நாள் மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு என்றால், அந்த நீண்ட பகல் முழுக்கச் சமையலறையின் சின்ன ஜன்னல் வழியாகத்தான் தெரியும். அதற்கு 1,600 கிலோமீட்டர் போவானேன்? டர்பனில் சேர்ந்து, வாரத்தில் ஒரு ஓய்வு நாளை முன்கூட்டியே கல்லில் பொறித்த மாதிரிக் குறித்துக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் அன்று எனக்கு டியூட்டி என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகலாம். பொய்தான். ஆனால் நான் பல வருஷம் சொன்ன பொய்.

அன்றைக்கே என் மேஜையிலிருந்து கேப் டவுனுக்கு மின்னஞ்சல் போட்டாள். மூன்று கேள்வி: அறை உண்டா, ஜனவரியில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு, முதல் இரண்டு வார ஷிப்ட் பட்டியலை அனுப்ப முடியுமா. செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அறை உண்டு. தட்டு எண்ணிக்கை நான் நினைத்ததைவிட அதிகம், ஒரு விளையாட்டு முகாம் வருகிறதாம். ஷிப்ட் பட்டியல் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்று புதன். நாளை சாயங்காலம் ஐந்து மணிவரை பொறுப்பது, பட்டியல் வராவிட்டால் டர்பன் கடிதத்தில் கையெழுத்து என்று பேசி வைத்திருக்கிறோம். பூட்ஸ் மட்டும் வாங்கிவிட்டாள். பழக்குவதற்காக இப்போதே போட்டுக்கொண்டு என் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.